வரவை மட்டும் எழுதும் கணக்கு

சூதாட்டம் ஹராம் என்பதை இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மதரஸாவில் அலிஃப், பே ஓதத் தொடங்கிய பிள்ளைக்கும் அது தெரியும். அதுபற்றிய மார்க்கத் தீர்ப்பை விளக்கும் பொறுப்பு ஆலிம் பெருமக்களுடையது. என் போன்ற சில்லறைக் கடைக்காரனுடையதன்று. நான் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. கூடாது என்று தெரிந்திருந்தும் நம்மில் சிலர் அதில் விழுகிறார்களே, அது எப்படி? விழுந்தவர்களைப் பார்த்தால் எல்லோரும் புத்தி கெட்டவர்களாகவோ சோம்பேறிகளாகவோ இருப்பதில்லை. கடையைத் திறம்பட நடத்தியவர்களும், நாள்வழியில் ஐந்து காசு பிசகினாலும் இரவு முழுவதும் தேடிக் கண்டுபிடிக்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள். இலாப நஷ்டம் அறிந்த மனிதன், நஷ்டம் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு தொழிலில் எப்படி முதல் போடுகிறான்?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து தேசத்து மனோதத்துவப் பேராசிரியர் மார்க் கிரிபித்ஸ் என்பவர் பல ஆண்டுகள் உழைத்து விடை தேடியிருக்கிறார். எனக்கு ஆங்கிலம் கடைச் சாமான் பட்டியல் அளவுக்குத்தான் தெரியும். வீட்டுப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி, விளங்காத இடத்தை இரண்டு முறை கேட்டு, விளங்கியதை மட்டும் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் கேளிக்கைக் கூடங்கள் உண்டு. நாம் ஜாக்பாட் என்று சொல்லுகிற யந்திரத்தை அங்கே பழ யந்திரம் என்பார்கள். காசைப் போட்டால் செர்ரிப் பழம், எலுமிச்சம்பழம், மணி முதலிய படங்கள் உருளைகளில் சுழன்று நிற்கும். ஒரே படம் வரிசையாக வந்தால் பணம் விழும். சிறு தொகைக்கு ஆடும் யந்திரங்களில் சிலவற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் ஆடலாம் என்று அந்நாட்டுச் சட்டம் நெடுங்காலமாக விட்டிருக்கிறது. கிரிபித்ஸ் 1980-களின் பிற்பகுதியில் எக்ஸிடர் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, இந்த யந்திரத்துக்கு அடிமையானவர்களைப் பற்றியதே. பிறகு பிளிமத்திலும், 1995 முதல் நாட்டிங்ஹாம் டிரெண்ட் சர்வகலாசாலையிலும் அதே துறையில் வேலை செய்தார்.

அவர் 1994-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையைத்தான் நாம் பாடமாக எடுத்துக்கொள்ளப் போகிறோம். அறுபது பேரைச் சேர்த்தார். அவர்களில் 30 பேர் அடிக்கடி ஆடிப் பழகியவர்கள். மற்ற 30 பேர் எப்போதாவது ஆடுகிறவர்கள். பரிசோதனை நடந்த இடம் சர்வகலாசாலை அறையன்று. நிஜமான கேளிக்கைக் கூடமே. ஒவ்வொருவர் கையிலும் 3 பவுன் கொடுத்தார். ஓர் ஆட்டத்துக்கு 10 பென்ஸ். ஆகவே அது 30 ஆட்டத்துக்கான காசு. அதைக் கொண்டு 60 ஆட்டமாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்று சொன்னார். 60 ஆட்டம் ஆடியும் கையில் மிச்சம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போகலாம், அல்லது தொடர்ந்து ஆடலாம். அது அவரவர் இஷ்டம். இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் பாதிப் பேரை, ஆடும்போது மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்.

பழகியவர்கள் புதியவர்களைவிட அதிகம் ஜெயித்தார்களா? இல்லை. பணத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே காணவில்லை. வேகத்தில்தான் வித்தியாசம். பழகியவர் நிமிஷத்துக்கு 8 ஆட்டம் ஆடினார். புதியவர் 6 ஆட்டம். இன்னொரு வித்தியாசம், எழுந்திருப்பதில். பழகியவர்களில் 14 பேர் 60 ஆட்டம் வரை வந்தார்கள். புதியவர்களில் 7 பேர்தான் வந்தார்கள். இதுவரை கேட்டால் பழக்கத்துக்கு ஏதோ பலன் உண்டு என்று தோன்றும். ஆனால் அந்த 14 பேரில் 10 பேர், கடைசிக் காசும் போகிற வரையில் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. புதியவர்கள் 7 பேரில் அப்படி உட்கார்ந்திருந்தவர்கள் 2 பேர். பழக்கம் அவர்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது நேரத்தை, பணத்தை அன்று. அந்த நேரத்தையும் அவர்கள் யந்திரத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நம் தொழில் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். பின்வரும் கணக்கு பேராசிரியருடையதன்று, என்னுடையது. பேச்சுக்கு ஒரு யந்திரம், போட்ட நூறில் சராசரி எண்பதைத் திருப்பிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் 3 பவுனை ஆடினால் 2 பவுன் 40 பென்ஸ் திரும்பி வருகிறது. அதையும் ஆடினால் 1 பவுன் 92 பென்ஸ். அதையும் ஆடினால் 1 பவுன் 54 பென்ஸ். இப்படியே கை காலியாகும் வரை ஆடினால், அவன் போட்டது மொத்தம் 15 பவுன். வந்தது 12 பவுன். ஆட்டம் 150. நிமிஷத்துக்கு 8 ஆட்டம் ஆடுகிறவனுக்குப் பத்தொன்பது நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நிதானமாக 6 ஆட்டம் ஆடுகிறவனுக்கு 25 நிமிஷம்.

வியாபாரிகளே, இதில் 12 பவுன் என்ற தொகையைக் கவனியுங்கள். அந்த மனிதன் வீட்டுக்குப் போய், “இன்றைக்கு 12 பவுன் ஜெயித்தேன், ஆனால் கடைசியில் கொஞ்சம் கைவிட்டுப் போய்விட்டது” என்று சொன்னால் அது முழுப் பொய்யும் அன்று. காசு விழும்போது யந்திரம் மணி அடிக்கிறது, விளக்குப் போடுகிறது, சலசலவென்று ஓசை செய்கிறது. காசு போகும்போது ஒரு சத்தமும் இல்லை. வரவுக்கு மேளதாளம், பற்றுக்கு மௌனம். அவன் மனத்திலுள்ள பேரேட்டில் வரவுப் பக்கம் மட்டும் எழுதப்படுகிறது. நம் கடையில் ஒரு கணக்குப்பிள்ளை இப்படி எழுதினால் மறுநாளே சீட்டைக் கிழித்துவிடுவோம். ஆனால் மனம் என்கிற கணக்குப்பிள்ளையை யார் தணிக்கை செய்கிறார்கள்?

திருக்குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம், சூதில் மனிதருக்குச் சில பயன்களும் உண்டு, ஆனால் அவற்றைவிடக் கேடு பெரிது என்ற கருத்தைச் சொல்லுகிறது. இரண்டு பக்கத்தையும் வைத்து ஐந்தொகை போடுகிற இந்த முறை ஒரு கடைக்காரனுக்கு எளிதில் விளங்கும்.

இனி, வாய்விட்டுப் பேசச் சொன்னதில் வெளிவந்ததைப் பார்ப்போம். பழகியவர்கள் பேசியதில் நூற்றுக்கு 14 பங்கு, காரண காரியத்துக்குப் பொருந்தாத பேச்சு. புதியவர்கள் பேச்சில் அது இரண்டரைப் பங்குதான். யந்திரத்தை ஓர் ஆள் போலப் பாவித்து அதனோடு பேசுவது, அது தன்மேல் கோபமாக இருக்கிறது என்பது, இப்போது கொடுக்கத் தயாராகிவிட்டது என்பது, தோற்ற பிறகு அது தான் எதிர்பார்த்ததே என்று காரணம் கற்பிப்பது, இவையெல்லாம் அதில் அடக்கம். அவர்கள் பைத்தியக்காரர்கள் அல்லர். ஆட்டத்தில் திறமை உண்டு என்று நம்புகிறவர்கள். ஜெயித்தால் தன் திறமை. தோற்றால் வேறு ஏதோ காரணம். நான்கு இலக்க நம்பர் எடுக்கிறவர்கள் விபத்தில் சிக்கிய காரின் எண்ணைக் குறித்துக்கொள்வதையும், கனவுக்கு நம்பர் பார்ப்பதையும் நாம் இங்கே தினம் காண்கிறோம். அதுவும் இதே வகைதான்.

அடுத்தது, “கிட்ட வந்து தவறியது” என்ற விஷயம். இரண்டு செர்ரிப் பழம் வரிசையில் நின்றுவிட்டது. மூன்றாவது பழம் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது. கணக்குப்படி இது முழுத் தோல்வி. ஒரு பென்ஸும் வராது. ஆனால் ஆடுகிறவனுக்கு அது தோல்வியாகத் தோன்றுவதில்லை. வெற்றி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து போனதாகத் தோன்றுகிறது. இதைப்பற்றி கிரிபித்ஸ் 1991-இலேயே எழுதினார். பின்பு 2009-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த லூக் கிளார்க் முதலானோர், ஆடுகிறவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். உண்மையாக ஜெயிக்கும்போது மூளையில் எந்தப் பகுதிகள் கிளர்ந்து எழுகின்றனவோ, அவற்றில் சில, கிட்ட வந்து தவறும்போதும் கிளர்ந்து எழுந்தன. மனத்துக்கு அது வெறுப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும் மறுபடி ஆட வேண்டும் என்ற ஆசையை, படத்தைத் தானே தேர்ந்தெடுத்து ஆடியவனுக்கு அது கூட்டிவிடுகிறது. ஆகவே இது புத்திமதியால் மட்டும் தீருகிற விஷயம் அன்று. “தோற்றுப்போனாயே, இன்னுமா புத்தி வரவில்லை?” என்று நாம் கேட்கிறோம். தோற்றதாகவே அவன் மூளை முழுதும் பதிந்துகொள்ளவில்லை.

எந்த ஆட்டம் அதிகக் கேடு செய்யும் என்று கேட்டால், பலரும் பெரிய பரிசு உள்ளதுதான் என்பார்கள். கிரிபித்ஸ் முக்கியமாகக் காட்டுவது ஆட்டத்தின் வேகத்தை. வாரம் ஒருமுறை குலுக்கும் சீட்டில், தோற்றவன் அடுத்த குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் கோபம் ஆறும், சம்பளம் வீட்டுக்குப் போய்ச் சேரும். குதிரைப் பந்தயத்தில் ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே சில நிமிஷங்கள் உண்டு. யந்திரத்திலோ ஏழெட்டு ஸெகண்டில் அடுத்த ஆட்டம். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி ஆறுவதற்கு இடைவெளியே கிடையாது. இப்போது கைத்தொலைபேசியில் வந்துவிட்ட சூதாட்டத்துக்கு அந்த ஏழெட்டு ஸெகண்டு மட்டும் அன்று, கடை அடைக்கும் நேரமும் கிடையாது. காற்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த கோல் யாருடையது என்று பந்தயம் கட்டுகிறார்கள். மலேசியாவில் சூதாட்டக்கூடத்துக்குள் முஸ்லிம்களை விடுவதில்லை. சட்டைப் பையிலிருக்கும் தொலைபேசிக்கு வாசற்காவலன் யார்?

வேகமும் தொகையும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை அந்நாட்டு அரசாங்கமே பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே பந்தயக் கடைகளில் வைத்திருந்த ஒருவகை யந்திரத்தில், 20 ஸெகண்டுக்கு ஒருமுறை 100 பவுன் வரை வைத்து ஆடலாம் என்று இருந்தது. பல ஆண்டு வாதத்துக்குப் பிறகு 2019 ஏப்ரலில் அந்த 100-ஐ 2 பவுனாகக் குறைத்தார்கள். கடன் அட்டையைக் கொண்டு சூதாடக் கூடாது என்று 2020 ஏப்ரலில் தடை வந்தது. இணையத்தில் சுழலும் ஜாக்பாட் ஆட்டத்துக்கு 2025-இல், ஓர் ஆட்டத்துக்கு 5 பவுன் என்றும், 25 வயது நிரம்பாதவர்களுக்கு 2 பவுன் என்றும் உச்ச வரம்பு வைத்தார்கள். ஆடுகிறவனுக்கு உபதேசம் செய்வதோடு நில்லாமல் ஆட்டத்தின் அமைப்பையே மாற்ற வேண்டும் என்ற எண்ணத்துக்கு அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். காலதாமதம்தான், ஆனாலும் வந்தார்கள்.

சாராயம், அபின் முதலியவை உடம்புக்குள் போகிற வஸ்துக்கள். ஒன்றும் உள்ளே போகாத ஒரு செய்கைக்கு மனிதன் அடிமையாக முடியுமா என்பது வைத்தியர்களுக்கிடையே வெகுகாலம் வழக்காக இருந்தது. அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 1980-இல் மிதமிஞ்சிய சூதாட்டத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் திருடவும் தீ வைக்கவும் தூண்டும் மனக்கோளாறுகளோடு அதை வைத்திருந்தது. 2013-இல்தான் அதை எடுத்து, குடி, போதை முதலிய அடிமைத்தனங்களின் வரிசையில் சேர்த்தார்கள்.

கிரிபித்ஸ் 2005-இல் எழுதிய ஒரு கட்டுரையில், எந்த அடிமைத்தனத்துக்கும் பொதுவாக ஆறு அம்சங்கள் உண்டு என்றார். அந்தச் செய்கை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும். கடையில் சாமான் நிறுக்கும்போதும் நினைப்பு அங்கேதான். மனத்தின் கவலையை மறக்க அதுவே மருந்தாகும். விட்டால் எரிச்சல், உறக்கமின்மை, கைகால் பரபரப்பு. வீட்டிலும் தொழிலிலும் சச்சரவு, தனக்குள்ளேயும் சச்சரவு. விட்டுவிட்டேன் என்று சொன்னவன் மாதங்கள் கழித்தும் பழைய அளவுக்கே திரும்பிவிடுவது. ஆறாவது அம்சம், பழகப் பழக முன்பு போதுமாக இருந்தது போதாமற்போவது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதை அவர் இருதயத் துடிப்பைக் கொண்டு அளந்து பார்த்திருக்கிறார்.

1993-இல் வெளியான அந்தப் பரிசோதனையில், யந்திரம் ஆடும்போது பழகியவர், புதியவர் இரு சாராருக்கும் நிமிஷத்துக்குச் சுமார் 22 துடிப்பு கூடியது. அதுவரை இருவரும் ஒன்றே. ஆட்டம் முடிந்ததும் புதியவரின் துடிப்பு உடனே இறங்கவில்லை. பழகியவரின் துடிப்பு அப்போதே இறங்கத் தொடங்கிவிட்டது. அதாவது அந்தக் கிளர்ச்சி பழகியவனிடம் தங்குவதில்லை. மறுபடி வேண்டுமானால் மறுபடி ஆட வேண்டும், இன்னும் வேகமாக ஆட வேண்டும். நிமிஷத்துக்கு 8 ஆட்டம் என்ற கணக்கோடு இதைச் சேர்த்துப் படித்தால் விளங்கும்.

இந்த ஆறு அம்சங்களைப் பற்றி ஒரு மறுப்பும் உண்டு. விடியற்காலை நாலு மணிக்குப் பசாருக்குப் போய், இரவு பத்து மணிக்குக் கடை அடைத்து, தூக்கத்திலும் மிளகாய் விலையை உளறுகிறவனுக்கு இந்த ஆறில் மூன்று நான்கு பொருந்திவிடுமே? அவனும் நோயாளியா? சாதாரண ஆசைகளையெல்லாம் நோய் என்று பெயரிட்டுவிடக் கூடாது என்று வேறு ஆராய்ச்சியாளர்கள் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கண்டனம் நியாயமென்றே எனக்கும் படுகிறது. கிரிபித்ஸும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். ஆரோக்கியமான ஈடுபாடு வாழ்க்கையில் எதையாவது சேர்க்கும். அடிமைத்தனம் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டே போகும் என்பது அவர் கருத்து.

அவரைப்பற்றி மற்றொன்றையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. பொறுப்பான முறையில் ஆட்டம் நடத்துவது எப்படி என்ற விஷயத்தில் சூதாட்டக் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிக் கட்டணம் பெற்றிருக்கிறார்; நார்வே அரசாங்கத்துக்குச் சொந்தமான சூதாட்ட நிறுவனத்திடமிருந்து அவருடைய சர்வகலாசாலைக்கு ஆராய்ச்சிப் பணம் வந்திருக்கிறது. இவற்றைத் தம் கட்டுரைகளின் கீழே அவரே வெளிப்படையாகக் குறிப்பிடுகிறார். மறைக்காதது அவருடைய நேர்மை. ஆயினும் தராசு யாருடையது என்று பார்த்து எடையை வாங்கிக்கொள்வது நம்முடைய வழக்கம்.

இனி நம் கடைக்கு வருவோம். வைத்தியர்களின் 2013-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒன்பது குறிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஓராண்டுக்குள் நான்கு தென்பட்டால் நோய் என்று கொள்வார்கள். விட்ட பணத்தைப் பிடிக்க மறுநாள் போவது, எவ்வளவு ஆடினோம் என்பதை மறைத்துப் பொய் சொல்வது ஆகியவை அதில் உண்டு. பணமுடை தீர மற்றவர்களை நம்பியிருப்பதும் உண்டு. இந்தக் கடைசிக் குறி கடைக்காரனாகிய நமக்கு நேரே சம்பந்தப்பட்டது. சிப்பந்தி மாதம் பிறந்து ஐந்தாம் நாளே முன்பணம் கேட்கிறான். “முதலாளி, ஊரில் உம்மாவுக்கு உடம்பு சரியில்லை” என்கிறான். நாமும் இரக்கப்பட்டுக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். உண்மையிலேயே உம்மாவுக்கு உடம்பு சரியில்லாதவனும் அப்படித்தான் கேட்பான். ஆகவே எல்லோரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் முறை, நான்காம் முறை என்று வரும்போது, நாம் கொடுக்கும் ரொக்கம் அவனுக்கு அடுத்த 150 ஆட்டத்துக்கு முதல் ஆகிவிடுகிறது. கைமாற்றுக் கொடுத்துக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, ஆட்டம் நிற்கவேண்டிய இடத்தில் நாமே அதை நீட்டித்துவிடுகிறோம். இப்படிப்பட்டவனுக்கு உதவி செய்யவேண்டாம் என்பதன்று என் அபிப்பிராயம். வாடகையை வீட்டுக்காரரிடம் நேரே கொடுக்கலாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நாமே கட்டலாம். அரிசி பருப்பைக் கடையிலிருந்தே அனுப்பலாம். ரொக்கம் மட்டும் வேண்டாம்.

சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு சூதாட்டக்கூடங்கள் திறந்தபோது, பிரஜைகளும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக நாளொன்றுக்கு 100 வெள்ளி கட்டணம் என்று வைத்தார்கள். 2019-இல் அது 150 வெள்ளியாயிற்று. அதைவிட உபயோகமானது, குடும்பத்தார் விண்ணப்பம் செய்து ஒருவரை உள்ளே விடாதபடி தடுக்கும் ஏற்பாடு. தேசியச் சூதாட்டப் பிரச்சினைத் தடுப்பு மன்றம் என்ற அமைப்பிடம் மனைவியோ மக்களோ பெற்றோரோ மனுச் செய்யலாம். ஆடுகிறவர் தம்மைத் தாமே தடுத்துக்கொள்ளவும் மனுச் செய்யலாம். திவாலானவர்களுக்கு மனு இல்லாமலே தடை உண்டு. சிகிச்சைக்கு மனநலக் கழகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே போவதை நம்மவர்கள் அவமானமாக நினைக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்கு வரிசையில் நிற்க வெட்கப்படாத நாம் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சிகிச்சையில் செய்கிற வேலைகளில் ஒன்று வியாபாரிகளுக்கு மிகவும் பழக்கமானது. நோயாளியின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு போட்டான், எவ்வளவு வந்தது, அப்போது மனநிலை என்ன என்று தினமும் எழுதச் சொல்வார்கள். வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். முதல் வாரம் உண்மையை எழுதமாட்டான். சண்டைக்குப் போக வேண்டாம். “போட்டது” என்ற பத்தியைப் பெரிதாகவும் “வந்தது” என்ற பத்தியைச் சிறிதாகவும் கோடு போட்டுக் கொடுங்கள். மாதக் கடைசியில் கூட்டுத்தொகையை அவனே போடட்டும்.